இரண்டு சம்பந்திகள், மூன்று துறைமுகங்கள்

கப்பல் கிளம்புவது மாலை ஆறு மணிக்குத்தான். ஆனால் பகல் ஒரு மணிக்கே துறைமுகத்துக்குள் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அம்பத்தூர் வெங்கடாபுரத்திலிருந்து சென்னைத் துறைமுகம் இருபது கிலோமீட்டர் சொச்சம். பாடி மேம்பாலத்தில் ஒரு லாரி நின்றுபோனால் அதுவே இருநூறு கிலோமீட்டர் ஆகிவிடும். அதனால் காலை பத்தரைக்கே என் மகன் பிரபு காரோடு வாசலில் வந்து நின்றான். பின் சீட்டில் என் சம்பந்தி மூன்று பைகளோடு உட்கார்ந்திருந்தார்.

சம்பந்தி என்றால் மருமகள் கவிதாவின் அம்மா, பெயர் வசந்தா. நசரத்பேட்டையில் பெங்களூர் நெடுஞ்சாலை ஓரமாக மெஸ் வைத்து, லாரிக்காரர்களுக்குச் சோறு போட்டே பிள்ளைகளைக் கரையேற்றியவர். எனக்கு அறுபத்தெட்டு வயது, அவருக்கு மூன்று குறைச்சல். இரண்டு பேருக்கும் வீட்டுக்காரர் இல்லை. பிரபுவுக்கும் கவிதாவுக்கும் கம்ப்யூட்டர் வேலை; கையில் காசு உண்டு, அம்மாக்களைக் கவனிக்க நேரம் இல்லை. இருவரும் கூடிப் பேசி, இரண்டு அம்மாக்களையும் சேர்த்து இலங்கைக்குக் கப்பலில் அனுப்புவது என்று முடிவு செய்துவிட்டார்கள். ஐந்து இரவு. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகம். ஜன்னல் வைத்த அறையில் ஆளுக்கு நாற்பத்திரண்டாயிரம் ரூபாய், சாப்பாடு அதிலேயே சேர்த்தி. கரையில் இறங்கிச் சுற்றிப் பார்ப்பதற்குத் தனிக் காசு.

ஆசையாகத்தான் கிளம்பினேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு பயமும் கூடவே வந்தது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சர்க்கரை வியாதி. போன வருடம் இடது காலில் ஒரு புண் வந்து, ஆறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அப்போதே பிரபு சொல்லிவிட்டான், இன்னொரு தடவை காலில் ஏதாவது வந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு நூம்பலில் அவன் ஃபிளாட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான் என்று. நல்ல பிள்ளை, சொன்னதைச் செய்கிற பிள்ளை. அதுதான் எனக்குப் பயமே. என் வீட்டில் எப்போது எழுந்திருப்பது, என்ன சமைப்பது, வாசலில் யாரோடு எவ்வளவு நேரம் வம்பளப்பது எல்லாம் என் இஷ்டம். அதை விட எனக்கு மனசு வரவில்லை. உள்ளங்காலில் உணர்ச்சி குறைந்துகொண்டே வருகிறது, செருப்பில்லாமல் ஓர் அடிகூட வைக்காதீர்கள் என்று மருத்துவர் சொன்னதை நான் அவனிடம் மூச்சுவிடவில்லை.

துறைமுக வாசலில் கவிதா ஆபீசிலிருந்து நேராக வந்து நின்றாள். என்னிடம் ஜாக்கிரதை அத்தை என்றாள். பிறகு தன் அம்மாவைத் தனியாக அழைத்துப்போய்க் காதோடு ஏதோ சொன்னாள். சம்பந்தி என் காலைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது. ஐந்து இரவும் ஒரே அறையில் ஓர் ஒற்றரோடு தூங்க வேண்டும்.

சோதனையில் சம்பந்தியின் ஒரு பை முழுக்கப் புளிக்காய்ச்சலும் ஊறுகாயும் இருப்பதைக் கண்டுபிடித்து, உள்ளே விடமாட்டோம் என்றார்கள். அந்தக் காவலரிடம் சம்பந்தி கால் மணி நேரம் வாதாடினார். ஜெயிக்கவில்லை. கடைசியில் பாட்டில்களைக் காவலரிடமே கொடுத்து, மதியச் சோற்றுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார்.

இரண்டாம் நாள் முழுக்கக் கடல். காலைப் பலகாரம் முடிந்ததும் கரைச் சுற்றுலாக்களைப் பதிவு செய்யும் மேசைக்குப் போனோம். இந்த இடத்தை வயதானவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுலாவுக்கும் எளிது, நடுத்தரம், கடினம் என்று ஒரு தரம் போட்டிருப்பார்கள். எத்தனை தூரம் நடக்க வேண்டும், எத்தனை படி என்பதை வைத்துத்தான் அந்தத் தரம். பேருந்திலேயே எவ்வளவு நேரம் முடங்கிக் கிடக்க வேண்டும், வழியில் கழிப்பறை உண்டா, உட்கார நிழல் உண்டா, செருப்பைக் கழற்ற வேண்டுமா, போய்ச் சேரும்போது வெயில் எப்படி இருக்கும் என்பதெல்லாம் அதில் வராது. கேட்டால் சொல்வார்கள். நாங்கள் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்றால், நாங்கள் சம்பந்திகள். ஒருவர் எதிரில் ஒருவர் கொட்டாவிகூட விட மாட்டோம். அந்த மேசையில் இருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள், பெரியவர்களுக்கென்று நிதானமான பயணம் ஒன்று இருக்கிறது, கடற்கரை விடுதியில் இரண்டு மணி நேரம் இளைப்பாறிவிட்டுத் திரும்பலாம் என்று. எனக்கு அதுதான் வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் சம்பந்தி மலை ஏறவே பிறந்தவர் மாதிரி நிமிர்ந்து நிற்கிறாரே, என்னால் அவர் வீணாக உட்கார்ந்திருக்க வேண்டுமா என்று நினைத்து, உங்கள் இஷ்டம் சம்பந்தி என்றேன். உங்கள் இஷ்டம்தான் என் இஷ்டம் என்றார் அவர். மாப்பிள்ளையின் அம்மா சொல்வதற்குமுன் பெண்ணின் அம்மா எப்படிச் சொல்வது என்பது அவர் கவலை. இப்படியே ஐந்து நிமிடம் உபசாரம் நடந்தது. எங்கள் பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் நான், எங்களுக்கென்ன வயசாகிவிட்டது, கோயிலுக்கே போட்டுவிடம்மா என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். அம்பாந்தோட்டையில் கதிர்காமம், திருகோணமலையில் கோணேஸ்வரம், காங்கேசன்துறையில் நல்லூர். மூன்றுக்கும் எளிது என்றுதான் தரம்; சேர்த்து ஆளுக்குப் பதினோராயிரத்து நானூறு. பதிவானதும் பிரபுவின் கைபேசிக்குத் தகவல் போய்விடும் என்றாள் அந்தப் பெண், சீட்டு எடுத்தது அவன் கணக்கில் அல்லவா.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு அம்பாந்தோட்டையில் இறங்கினோம். கதிர்காமத்துக்கு அங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். சாலை வழவழவென்று, இருபக்கமும் முள்காடு, நடுநடுவே சாலையோரம் மயில். பேருந்தில் குளிர்சாதனம் நன்றாக வேலை செய்தது, கொஞ்சம் அதிகமாகவே. வழியில் ஒரு கடையில் நிறுத்தி எல்லோரும் செவ்விளநீர் குடித்தார்கள். சம்பந்தி வேண்டாம் என்றுவிட்டார். தண்ணீர் கொடுத்தேன், அதையும் வேண்டாம் என்றார். என் கையால் வாங்கிக் குடிக்கக்கூட கௌரவம் பார்க்கிறாரே என்று எனக்கு மனசுக்குள் சுருக்கென்றது.

கதிர்காமத்தில் கோயிலுக்குப் போகும் பாதை அகலமான மணல் வெளி. தாமரைப்பூவும் பழத்தட்டும் ஏந்திக்கொண்டு சிங்களக் குடும்பங்கள் வெள்ளை உடையில் போகின்றன. அவர்களும் நம்மைப்போலவே முருகனிடம்தான் வேண்டிக்கொள்கிறார்கள். மூலஸ்தானத்தில் சிலை கிடையாது, திரைச்சீலைக்கு முன்னால்தான் கும்பிட வேண்டும். காலை நேரமாதலால் மணல் குளிர்ந்திருந்தது. இருந்தாலும் செருப்பைக் கழற்றும்போது மருத்துவர் சொன்னது நினைவுக்கு வந்தது. சம்பந்தி பக்கத்தில் நிற்கும்போது எனக்கு மட்டும் சாக்ஸ் போட்டுக்கொள்ள அனுமதி கேட்க வாய் வரவில்லை. திரும்பும்போது என் முட்டி விண்விண்ணென்றது. சம்பந்தியின் உதடு காய்ந்து வெளுத்திருந்தது. எப்படி இருக்கிறது என்று நான் கேட்க, ஜோராகக் கீது என்றார் அவர். அவர் கேட்க, எனக்கென்ன என்றேன் நான். அன்று இரவு ஒன்பது மணிக்கே இரண்டு பேரும் அடித்துப்போட்டதுபோல் தூங்கினோம்.

நான்காம் நாள் திருகோணமலை. கோணேஸ்வரம் துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம், பேருந்தில் அரைமணிகூட ஆகவில்லை. இதற்கும் தரம் எளிதுதான். ஆனால் கப்பலில் இருந்து எல்லோரும் இறங்கிச் சேரவே நேரம் இழுத்து, நாங்கள் கோயில் வாசலை அடையும்போது உச்சி வெயில் ஆகிவிட்டது. கோட்டை வாசலுக்குள் நுழைந்து மேட்டில் ஏற வேண்டும். வழியெல்லாம் மான்கள் ஆடுமாடுபோல் நின்று, கடைக்காரர்கள் போடும் பழத்தோலைத் தின்கின்றன. மேட்டின் உச்சியில் கோயில். அதற்கு அப்புறம் பாறை செங்குத்தாக வெட்டிவிட்டதுபோல் இறங்கி, அடியில் கடல் கருநீலமாகக் கிடக்கிறது. அவ்வளவு அழகான கோயில் இருப்பிடத்தை நான் பார்த்ததில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். கல்தளத்தின்மேல் நீளமாக ஒரு கயிற்றுப்பாய் விரித்திருந்தார்கள், கால் சுடாமல் இருக்க. ஒருவர் நடக்கத்தான் அகலம். எதிர்வரிசையும் அதிலேயே வந்துகொண்டிருந்தது. நீங்கள் வாங்க சம்பந்தி என்று அவர் ஒதுங்க, நீங்கள் போங்க என்று நான் ஒதுங்க, கடைசியில் அவரைப் பாயில் ஏற்றிவிட்டு நான் பக்கத்திலேயே கல்லின்மேல் நடந்தேன். பேசிக்கொண்டே நடந்தேன். தரிசனம் முடித்து வந்து, பாறை ஓரத்துக் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு கடலையும் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் என்னைச் சுற்றி யாருமே இல்லை என்பதைக் கவனித்தேன். எங்கள் பேருந்து ஆட்கள் மொத்தமும் மண்டப நிழலில் நெருக்கியடித்து நின்றார்கள். சின்ன வயதுக்காரர்கள்கூடத் தரையில் கால் பாவாமல் குதித்துக் குதித்து ஓடினார்கள். நான் ஒருத்திதான் வெயிலில், வெறுங்காலோடு, அசையாமல் நின்றுகொண்டிருந்தேன்.

சம்பந்தி நிழலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விறுவிறுவென்று, சூடு தாங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். மெதுவாகத்தான் கேட்டார்.

"இன்னா சம்பந்தி, உங்களுக்குச் சுடலியா?"

சுடவில்லை. எனக்கு ஒன்றுமே சுடவில்லை. காற்று நன்றாக வருகிறதே என்று உளறினேன். அவர் என் முழங்கையைப் பிடித்து நிழலுக்குக் கூட்டிப்போனார். பேருந்தில் ஏறித் திரும்பினோம். இத்தோடு தீர்ந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கைபேசியை எடுத்துக் கவிதாவிடம் எப்போது சொல்லப் போகிறார் என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

அறைக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, கட்டிலில் குந்துங்க என்றார். எனக்கு ஒன்றுமில்லை என்றேன். அவர் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து, என் வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் பதறிப்போய் இழுத்தேன். பையனைப் பெற்றவளின் காலைப் பெண்ணைப் பெற்றவர் மடியில் வைப்பதா? யார் கண்ணிலாவது பட்டால் என்ன நினைப்பார்கள்? அவர் விடவில்லை. மெஸ்ஸில் இருபது படி சோற்றுக் குண்டானை இறக்கிய கை அது. உள்ளங்காலைப் பார்த்தார், அதன்பிறகு என் முகத்தைப் பார்த்தார். விரல்களுக்குக் கீழே தோல் மொத்தமாகக் கழன்று, கொப்புளம் உடைந்து நீர் வடிந்திருந்தது. மற்றொரு காலில் குதிகால். எனக்கு வலியே இல்லை. அழுகை மட்டும் வந்தது. பிரபுவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சம்பந்தி முன்னால் அழுகிறோமே என்ற வெட்கமெல்லாம் அப்போது இல்லை.

கப்பல் மருத்துவர் காயத்தைச் சுத்தம் செய்து இரண்டு காலுக்கும் கட்டுப் போட்டார். மருத்துவச் செலவு பயணக் காசில் சேராது. கட்டும் மருந்துமாக நாலாயிரத்துக்கு மேல் ஆனது. ஊர் போனதும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், அசட்டையாக இருந்தால் காலையே எடுக்கும்படி ஆகும் என்று சுற்றி வளைக்காமல் சொன்னார். வீட்டில் யாரிடமாவது நான் பேசட்டுமா என்று கேட்டார். சம்பந்திதான் பதில் சொன்னார், நான்தான் வீட்டு ஆள், என்னிடம் சொன்னால் போதும் என்று.

ஐந்தாம் நாள் காங்கேசன்துறை. நல்லூர்ப் பயணத்தை சம்பந்தியே மேசையில் போய் ரத்து செய்துவிட்டு வந்தார். நீங்களாவது போங்கள் என்று எவ்வளவோ சொன்னேன். இனிமேல் உபசாரப் பேச்சு பேசினால் நடுக்கடலில் இறங்கிப்போய்விடுவேன் என்று மிரட்டினார். பிறகு அவரே கீழே போய்த் துறைமுக வாசலில் ஓர் ஆட்டோவைப் பேசிவைத்துவிட்டு, கப்பல் ஆட்களின் தள்ளு நாற்காலியில் என்னை இறக்கினார். கீரிமலைக்குப் போய், விரும்பும்வரை காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட மூவாயிரத்து ஐந்நூறு இலங்கை ரூபாய். தூரம் நாலைந்து கிலோமீட்டர். வழியில் பனைமரங்கள், கூரை போன பழைய வீடுகள், புதிதாக வெள்ளையடித்த வீடுகள்.

ஆட்டோக்காரர் நடுவயதுக்காரர். அவருக்கு நாங்கள் ஒன்றும் பார்க்கப் போவதில்லை, உட்காரத்தான் போகிறோம் என்பது முதலில் விளங்கவில்லை. சொன்னதும் சிரித்தார். "அவசரமில்லை அம்மா, ஆறுதலா இருங்கோ. கப்பலுக்கு நேரம் வரேக்க நான் வந்து சொல்லுறன்." கீரிமலையில் எல்லோரும் குளிக்கும் கேணிக்கு ஓட்டி வந்து, கடலைப் பார்த்த ஒரு நிழலில், கல்கட்டு ஓரமாக ஆட்டோவை நிறுத்தினார். நான் வண்டியிலேயே காலை நீட்டிக்கொண்டேன். சம்பந்தி கல்கட்டின்மேல் உட்கார்ந்தார். கீரிமலையில் நல்ல தண்ணீர்க் கேணியும் உப்புக் கடலும் ஒரு சுவரைத்தான் நடுவில் வைத்துக்கொண்டிருக்கின்றன. குளிப்பவர்களின் சத்தம் இந்தப் பக்கம், அலைச் சத்தம் அந்தப் பக்கம். கோயிலுக்குப் போகவில்லை. கேணியில் இறங்கவில்லை. இரண்டரை மணி நேரம் வெறுமனே உட்கார்ந்திருந்தோம். அந்தப் பயணத்தில் எனக்கு மனசில் நிற்பது அந்த இடம்தான்.

அங்கேதான் சம்பந்தி தன் கதையைச் சொன்னார். அவரால் சிறுநீரை அடக்க முடியாது. இரண்டு வருடமாக இப்படி. வெளியே கிளம்பினால் முந்தின இரவிலிருந்தே தண்ணீரை நிறுத்திவிடுவார். கதிர்காமத்துப் பேருந்தில் செவ்விளநீர் வேண்டாம் என்றது அதனால்தான். கடற்கரை விடுதிப் பயணத்தில் கழிப்பறை பக்கத்திலேயே இருக்கும் என்று அவர் மனசும் அன்றைக்கு அதற்குத்தான் அடித்துக்கொண்டதாம். என் எதிரில் கேட்க வாய் வரவில்லையாம். மகளிடம்கூடச் சொன்னதில்லை என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, மனசும் கனத்தது. அந்த மேசையில் ஆளுக்கு ஒரு வார்த்தை வாயைத் திறந்திருந்தால் எனக்குக் காலில் கட்டு இருந்திருக்காது.

கவிதா உங்களிடம் என்னைக் கண்காணிக்கத்தானே சொன்னாள் என்று கேட்டேன். ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கடைய மூடிட்டு நான் பெரிய புள்ள ஊட்ல கீறேன். நல்லாதான் வச்சிகினு கீறான், கொறை சொல்லக் கூடாது. ஆனா ஒரு டம்ளர் வோணும்னாகூட எங்க கீதுன்னு கேட்டுதான் எடுக்கணும். உங்களுக்கு அது வர வேணாம் சம்பந்தி. நான் சொல்ல மாட்டேன்."

என் காலுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். அவரே தினமும் நசரத்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்து கட்டு மாற்றிவிடுவதாகச் சொன்னார். மாப்பிள்ளைக்குத் தெரியாமல் பூந்தமல்லியில் ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போவதாகவும் சொன்னார். கேட்கக் கேட்க எனக்கு அது நடக்கும் போலத்தான் இருந்தது. சந்தோஷமாகத் தலையை ஆட்டினேன். ஆட்டோக்காரர் வந்து நேரமாகிவிட்டது என்றார்.

ஆறாம் நாள் காலை எட்டரைக்குச் சென்னை. கட்டு தெரியாமல் புடவையை இழுத்துவிட்டு, மருத்துவர் கொடுத்த பெரிய துணிச் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டேன். தள்ளு நாற்காலியை வாசலுக்கு முன்பே திருப்பி அனுப்பிவிட்டு, சம்பந்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு சாதாரணமாக நடப்பதுபோல் வெளியே வந்தேன். பிரபு கார் நிறுத்துமிடத்தில் நின்றிருந்தான். பெட்டிகளை வாங்கிக்கொண்ட கையோடு கேட்டான்.

"நல்லூர் டூர் கேன்சல்னு எனக்கு மெசேஜ் வந்துச்சே. ஏன்மா போகல? உன் கால் நல்லாதானே இருக்கு?"

அவன் பார்வை என் புடவைக் கரைக்கு இறங்கியது. நான் கரையை இன்னும் கீழே இழுத்துவிட்டேன். அப்போது சம்பந்தி எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார்.

"என்னாலதான் மாப்ளே. எனக்கு ஒண்ணுக்கு அடக்க முடியல. பொடவையிலயே போயிடுது. அதுக்கோசரம் சம்பந்தி எங்கயும் போவாம என்னாண்டயே குந்திகினு கெடந்தாங்க."

சத்தமாகவே சொன்னார். பக்கத்து வண்டியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த டிரைவர் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை வந்தால் எழுந்து நிற்கிற மனுஷி அவர். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. பெற்ற மகளிடம்கூடச் சொல்லாததை நடுத்தெருவில் அவனிடம் சொல்லிவிட்டு, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு நின்றார். பிரபுவும் முகம் சிவந்து, பரவாயில்லை அத்தை, பரவாயில்லை அத்தை என்றான். என் காலை அவன் மறந்தே போய்விட்டான்.

நான் பிழைத்துக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டு காரில் ஏறியிருந்தால் வீடு எனக்குத்தான். ஆனால் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இப்படி ஒரு விலையை இன்னொருத்தர் கொடுத்துக் காப்பாற்ற வேண்டிய வீட்டில் நான் எப்படி நிம்மதியாக எழுந்து காபி போட்டுக் குடிப்பேன்? காரின் கதவைப் பிடித்துக்கொண்டு, துணிச் செருப்பைக் கழற்றினேன்.

"பிரபு, அத்தை எனக்காகச் சொல்றாங்க. கால் வெந்துபோனது எனக்குத்தான். இங்க பாரு."

சம்பந்தி வேண்டாம் என்பதுபோல் என் கையை அழுத்தினார். நான் முழுவதையும் சொன்னேன். உணர்ச்சி குறைந்ததை மருத்துவர் சொன்னதையும், அதை மறைத்ததையும், கோணேஸ்வரத்தில் கல் சுடாமல் நின்றதையும் சொன்னேன். பிரபு குனிந்து இரண்டு கட்டுகளையும் பார்த்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. என்னைப் பின் சீட்டில் உட்கார வைத்து, இரண்டு காலையும் அவனே தூக்கி உள்ளே வைத்தான். அத்தை, நீங்களும் பின்னாடியே உட்காருங்கள் என்றான்.

போகும் வழியிலேயே மருத்துவமனையில் நிறுத்திக் காட்டினான். புது மருந்து வைத்துக் கட்டினார்கள். எலும்புவரை போகவில்லை, கால் பிழைத்துக்கொள்ளும், ஆனால் தினமும் யாராவது உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்றார்கள். வெளியே வர மதியமாகிவிட்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வழக்கமான நெரிசல். ஐந்தாறு நாளாக அலையைக் கேட்ட காதுக்கு ஹாரன் சத்தம் நாராசமாக இருந்தது.

இந்தப் பயணத்திலிருந்து என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டால், கரையில் இறங்கும் வயதானவர்கள் ஒருவருக்கொருவர் மரியாதையை ஒரு நாள் ஒதுக்கி வைத்துவிட்டு, எனக்கு இது முடியும், இது முடியாது என்று சொல்லிவிட்டுச் சீட்டு வாங்குங்கள் என்பேன். கதிர்காமமும் கோணேஸ்வரமும் அங்கேதான் இருக்கும். வெயில் தாழ்ந்தபிறகு போகலாம். போகாமல் ஒரு நிழலில் உட்காரலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், சாமி உட்பட.

கோயம்பேடு சிக்னலில் கார் நின்றது. வலது பக்கம் திரும்பினால் நூறடி ரோடு, பாடி, அம்பத்தூர், என் வீடு. நேராகப் போனால் மதுரவாயல், வேலப்பன்சாவடி, நூம்பல், அவன் வீடு. அவன் எந்தப் பக்கம் போவான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சொன்னதைச் செய்கிறவன் அல்லவா. நான் வலது பக்கச் சாலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரபு கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"எந்தப் பக்கம்மா போகட்டும்?"

அவன் கேட்பான் என்று நான் நினைக்கவே இல்லை. சம்பந்தியும் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு இரண்டு காலும் கட்டோடு கிடந்தன. என் வீட்டில் கழிப்பறைக்குப் போக இரண்டு படி இறங்க வேண்டும். உள்ளங்காலைப் பார்க்க அங்கே ஆளில்லை. உள்ளதை உள்ளபடி நினைத்துப் பார்த்தேன்.

"நேரா போ. கால் ஆறுறவரைக்கும் உன் வீட்டுல இருக்கேன். அதுக்கப்புறம் எங்கன்னு நானே சொல்றேன்."

சரிம்மா என்றான். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அதை மறைக்கவில்லை. பச்சை விழுந்தது, கார் நேராகப் போனது.